குருவிகளுக்காக வைத்த முள்

அக்டோபர் 12

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது தூக்கிக்கொண்டு வந்த ரெக்கார்டு நோட்டு ஒன்று பரணில் கிடந்தது. இன்றுமுதல் இதில் தோட்டக் குறிப்பு. தாவரவியல் ஆய்வகத்தில் காலமெல்லாம் உதவியாளராக இருந்து, பிள்ளைகளுக்கு இலையும் பூவும் அறுத்துக் கொடுத்தவள், தன் வீட்டுக் கொல்லையில் என்ன முளைத்திருக்கிறது என்று எழுதி வைக்கவில்லை என்றால் வெட்கக்கேடு.

விருதுநகருக்கு வெளியே பிளாட் போட்டு விற்ற இடம் இது. வீட்டுக்குப் பின்னால் மதில் வரைக்கும் கொஞ்சம் மண் கிடக்கிறது. மனை போடுவதற்கு முன்பிருந்தே மதிலோரம் நிற்கும் முள் அடர்ந்த காரைப் புதர், அதை ஒட்டி இசங்கு, தள்ளி ஒரு வேம்பு, மழைக்கு முளைத்த தும்பையும் நெருஞ்சியும். இவ்வளவுதான் சொத்து. என் வீட்டுக்காரர் ஜே.சி.பி.யைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வழித்தெடுத்து சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார். பூசட்டும், அவர் தலையில். இந்த மண்ணுச் செடிகளாகவே பார்த்து வைத்து, குருவியும் ஓணானும் பட்டாம்பூச்சியும் வந்து தங்குகிற கொல்லையாக ஆக்கப்போகிறேன்.

யமுனா வந்திருக்கிறாள். எங்களுக்கு ஒரே பெண். கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வலது கையில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். மாப்பிள்ளை பிரபாகர் மதுரையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வழுக்காத டைல்ஸ் அந்தக் கடையில் கிடைக்காது போலிருக்கிறது.

அக்டோபர் 16

மாப்பிள்ளை வந்துவிட்டுப் போனார். வாசல் வழியாக அல்ல. யமுனா கேட்டுக்கொண்டதால் கேட்டைப் பகலிலும் பூட்டி வைக்கிறோம்.

நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். பின்மதிலிலிருந்து குதித்து, பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நல்லாருக்கீங்களா அத்தை?" என்றார். சிரித்த முகம். பெண் பார்க்க வந்தபோது அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் மயங்கினோம்.

நான் கையைத் துடைப்பதற்குள் யமுனா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை ஒரு ஸ்டூலை இழுத்துக் கதவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் தட்டத் தொடங்கினார். பலமாக அல்ல. டொக், டொக் என்று ஒரே சீராக. "யமுனா, நான் கோவமா இல்ல. வெளிய வா. நான் கோவமா இல்ல." என் வீட்டுக்காரர் கடைத்தெருவிலிருந்து வந்து சமாதானம் சொல்லி அனுப்பும்வரை தட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது இவர் சொல்கிறார்: "பொண்டாட்டி மேல பாசம் இருக்கப்போய்த்தான செவரேறிக் குதிக்கிறாரு." நான் ரசத்தை ஊற்றினேன்.

அக்டோபர் 18

வனத்துறை நாற்றங்காலுக்குப் போய்ச் செடி பார்த்தேன்.

மதிலோரத்துக்குக் கிளுவை. கிளைப் போத்தை வெட்டி நட்டாலே மழைக்குத் தழைத்துவிடும். கிளை நுனியெல்லாம் முள். கொண்டைக்குருவி கூடு கட்டத் தோதான செடி. அதற்கு உள்பக்கம் சூரை. கொக்கி மாதிரி வளைந்த முள், சட்டையைப் பிடித்தால் விடாது. பழமென்றால் பறவைகளுக்கு உயிர். ஏற்கெனவே இருக்கிற இசங்கை இரண்டு பக்கமும் நீட்டிவிட வேண்டும். கணுவுக்குக் கணு ஊசி முள், ஆனால் வெள்ளைப் பழம் பழுத்தால் குருவி அந்த இடத்தை விட்டுப் போகாது.

நாற்றங்கால்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாரும் முள்ளில்லாததா கேப்பாக. நீங்க முள்ளா பாத்துப் பொறுக்குறீகளேம்மா?"

"குருவிக்குங்க" என்றேன்.

தரைக்கு நெருஞ்சி போதும். பிடுங்கப்போவதில்லை. மஞ்சள் பூவுக்குத் தேனீ வரும். பின்கதவிலிருந்து மதிலடி வரை படரவிடலாம். வேப்பஞ்சருகையும் இனிக் கூட்டமாட்டேன். சருகுக்குள் பூச்சி இருக்கும், பூச்சிக்குத் தவிட்டுக்குருவி வரும். யார் நடந்தாலும் சமையலறை வரைக்கும் கேட்கும்.

நவம்பர் 2

நல்ல மழை. கிளுவைப் போத்தெல்லாம் நட்டாயிற்று. என் கையெல்லாம் கீறல். யமுனா இடது கையால் பஞ்சில் டெட்டால் தொட்டு ஒற்றிவிட்டாள்.

நவம்பர் 21

கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை சூம்பிப் போயிருக்கிறது.

வந்த நாளிலிருந்து பின்கதவைத் தாண்டாதவள் இன்று தானாகவே கொல்லைக்கு வந்தாள். கிளுவை துளிர்த்திருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். "எல்லாமே முள்ளா இருக்கேம்மா. கால் வைக்க ஒரு எடம் வேணாமா?"

அவளுக்காகக் கண்மாய்க்கரையிலிருந்து பொடுதலை பறித்து வந்து கொடுத்தேன். துவைக்கிற கல்லைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒவ்வொரு கணுவாக மண்ணில் அமுக்கி நட்டாள். பாய் விரித்தது போலப் படரும், மிதித்தாலும் சாகாது. சின்னச் சின்னப் பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும்.

கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அந்த வேம்புக்கும் காரைக்கும் நடுவுல மட்டும் எதுவும் வைக்காதம்மா. ஒரு ஆள் நுழையிற மாதிரி விடு."

"எதுக்குடி?"

"கீரிப்பிள்ள வந்துபோக."

"கீரிக்கு எதுக்கு ஒரு ஆள் அகலம்? குடும்பத்தோட ஊர்வலமா வரப்போகுது?"

சிரித்துவிட்டாள். இங்கே வந்ததிலிருந்து இப்போதுதான் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்புக்காகவே அந்த இடத்தைச் சும்மா விட்டு வைத்தேன்.

டிசம்பர் 9

பின் மனையில் யாரோ வீடு கட்டப்போகிறார்கள். எங்கள் மதிலை ஒட்டிச் செங்கல்லை இறக்கி அடுக்கிவிட்டார்கள். அடுக்கின் மேல் ஏறி நின்றால் மதில் முழங்கால் உயரம்தான். அதுவும் நேரே வேம்புக்கும் காரைக்கும் நடுவில்.

இலந்தை முள் வெட்டிவரச் சொல்லி அந்த இடைவெளியை அடைத்தேன். நடுவில் சூரைக் கன்று இரண்டு வைத்தேன்.

யமுனா பின்கதவில் நின்று பார்த்தாள். "வழிய அடச்சுட்டியேம்மா."

"வழி இருந்தா அவரும் வருவார்லடி" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள்.

குறிப்புக்காக: கீரி மதிலேறி வந்துகொள்ளும்.

டிசம்பர் 27

காலையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரே கூச்சல். வல்லூறு ஒன்று வேம்பிலிருந்து பாய்ந்தது. குருவிகளெல்லாம் காரைக்குள் நுழைந்து, இருக்கிற இடம் தெரியாமல் அடங்கிவிட்டன. வல்லூறு புதரை ஒரு சுற்றுச் சுற்றி, மதில் மேல் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தது.

"அதுகளுக்குக் குத்தாதாம்மா?" என்று யமுனா கேட்டாள்.

"குத்தாம என்ன? குத்தும்தான். வல்லூறு போறவரைக்கும் இருந்துக்கிரும்."

அது போகும்வரை யமுனாவும் நகரவில்லை. தோசை கருகிவிட்டது.

ஜனவரி 11

நாத்தனார் சகுந்தலா வந்தாள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் அவள்தான். கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, வீட்டுக்குப் பின்னாடி சுடுகாடு மாதிரி வச்சிருக்கீக" என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "தை பொறக்கட்டும், பெரியவுக நாலு பேரு உக்காந்து பேசி முடிச்சுருவோம். வாழவேண்டிய பிள்ள. ஊர்ல கேக்குறவுகளுக்குப் பதில் சொல்ல முடியல."

"அவுக வீட்டுக் குளியலறை ரொம்ப வழுக்குது சகுந்தலா. அதையும் பேசி முடிச்சுருங்க" என்றேன்.

அவள் காபியை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். இவர் பேப்பரைப் பார்த்தார்.

ஜனவரி 21

வந்தார்கள். இரண்டு கார். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சகுந்தலா, இன்னும் சில பெரியவர்கள். தட்டில் பழம், பூ, பட்டுப்புடவை. கேட் சாவி காலண்டர் ஆணியில்தான் எப்போதும் தொங்கும். இவர் அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, "வாங்க மாப்ள, வாங்க" என்றார். முள்ளெல்லாம் பின்னால் இருக்கிறது. முன்வாசலில் கோலம் போட்டிருந்தேன்.

மாப்பிள்ளை இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "இனிமே அவளப் பூ மாதிரி பாத்துக்கிருவேன் மாமா." இவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர்களில் ஒருவர், இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்று நெடுநேரம் பேசினார். சுவர் ஏறிக் குதித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. கையைப் பற்றியும் பேசவில்லை.

யமுனா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அம்மா, நீ சொல்லும்மா. நீ சொன்னா அப்பா கேப்பாரு."

நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அத்தனை டம்ளர். ஆற்றிக்கொண்டேயிருந்தேன். சபையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். பிறகு அவளை உட்காரவைத்துத் தலை வாரி, அவர்கள் கொண்டுவந்த பூவை வைத்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் கொல்லைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பொடுதலைக்குத் தண்ணி ஊத்தும்மா" என்றாள்.

ஜனவரி 22

தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் 14

கிளுவை இலையெல்லாம் கொட்டிவிட்டது. வெயில் காலத்தில் அப்படித்தான். செத்துவிட்டதா என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருக்கிறது.

யமுனாவிடம் பேசினேன். இப்போதெல்லாம் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். "நல்லாருக்கேன்மா. சாப்பிட்டேன்மா. நல்லாருக்கேன்மா." பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம். பொடுதலை பூத்திருக்கிறது என்றேன். "சரிம்மா" என்றாள்.

மே 6

காரைக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. நான் நினைத்தபடியே நடந்திருக்கிறது. இவரிடம் சொன்னேன். "நல்லது" என்றார்.

ஜூலை 19

ஆடிக்குப் பெண்ணை அழைத்து வரலாம் என்று கேட்டேன். அதெல்லாம் முதல் வருஷத்தோடு சரி என்று சகுந்தலா மூலமாகப் பதில் வந்தது. யமுனாவின் போன் சுவிட்ச் ஆஃப். நேற்றும் அப்படித்தான், அதற்கு முந்தினநாளும் அப்படித்தான்.

"சார்ஜ் போட மறந்துருப்பா" என்கிறார் இவர். அவர் சொல்வதை அவரே நம்பவில்லை. முகத்தில் தெரிகிறது. ஆனாலும் சாப்பிடுகிறார், செய்தி பார்க்கிறார். எனக்கு அவர் மேல் வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. என் மேல் வருவதையும்.

ஆகஸ்ட் 9

இன்று நடந்ததை எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம். கார் சத்தம். இவர் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். பிரபாகர். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தான். "யமுனா வந்தாளா அத்தை? காலைல இருந்து ஆளக் காணோம். சின்னச் சண்டைதான். நான் கோவமா இல்ல." சிரித்த முகம்.

"இங்க வரல மாப்ள" என்றார் இவர். நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை. நான் காபி போட உள்ளே போனேன்.

பால் பொங்கும்போது கேட்டது. பின்னால் எதுவோ விழுந்த சத்தம். தவிட்டுக்குருவிகள் கத்திக்கொண்டு சிதறின. அப்புறம் சருகு நொறுங்குகிற சத்தம், இழுத்து இழுத்து. அப்புறம் ஒன்றும் இல்லை.

பின்கதவுக்குப் போனேன். வேம்புக்கும் காரைக்கும் நடுவில், நான் அடைத்த இலந்தை முள்ளின் மேல் ஒரு செருப்பு. சூரைக்கொடியில் கிழிந்து தொங்கும் துப்பட்டா. பின் மனையில் இன்னும் கிடக்கும் செங்கல் மேல் ஏறி, அவள் கேட்ட வழியில்தான் விழுந்திருக்கிறாள். விழுந்து, அங்கிருந்து தவழ்ந்து, காரைப் புதரின் அடியில் நுழைந்திருக்கிறாள். இலைக்குள் ஒரு கண் மட்டும் தெரிந்தது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கொல்லைச் செருப்போடு ஓடி, துப்பட்டாவையும் அவள் செருப்பையும் மட்டும் எடுத்து வந்து சுருட்டி அழுக்குத்துணி வாளியில் அமுக்கினேன்.

"என்ன சத்தம் அத்தை?" கூடத்திலிருந்து குரல்.

"கீரிப்பிள்ளை. குருவிக் கூட்டக் கலைக்க வரும்."

நம்பினானோ இல்லையோ, எழுந்து வந்தான். பின்படியில் நின்று கொல்லையைப் பார்த்தான். மதிலைப் பார்த்தான். படியிறங்கினான். நான் அவனைத் தடுக்கவில்லை. தடுத்தால் தெரிந்துவிடும். வெறுங்காலோடு நெருஞ்சிக்குள் இறங்கினான். ஒரு அடி. இன்னொரு அடி. அடுத்ததை வைக்க முடியவில்லை. ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலிலிருந்து முள்ளைப் பிடுங்கப் போய், நின்ற காலிலும் ஏறிக்கொண்டது.

அப்போது ஒரு வார்த்தை சொன்னான். நோட்டில் எழுத முடியாத வார்த்தை. எனக்கும் என் மகளுக்கும் சேர்த்து. அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து கழன்று விழுந்திருந்தது. என் பின்னால் இவர் நின்றார். அவரும் கேட்டார், அவரும் பார்த்தார்.

நொண்டிக்கொண்டே சோபாவுக்குப் போய் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினான். நான் காபி கொடுத்தேன். ஆற்றித்தான் கொடுத்தேன். புதருக்குள் என் பிள்ளை அசையாமல் கிடந்தாள், நான் அவனுக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். வல்லூறு மதிலில் உட்கார்ந்திருந்தது போலவே உட்கார்ந்திருந்தான். கடைசியில், "வந்தா போன் பண்ணுங்க. நான் கோவமா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குள் சிரிப்பை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான்.

கேட்டைப் பூட்டச் சொன்னேன். பூட்டினார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு அழுதபடியே கொல்லைக்கு ஓடினார், முள்ளை வெட்டி வழி பண்ண. அவரைப் பார்த்ததும் யமுனா புதருக்குள் இன்னும் ஆழமாக நகர்ந்துகொண்டாள்.

"அப்பா வேணாம். அப்பாவப் போகச் சொல்லும்மா. அவன் கார் நிக்கிறதப் பாத்தேன். அப்பா கேட்டத் தொறந்துவிட்டதையும் பாத்தேன். அதான் பின்னால சுத்தி வந்தேன்."

இவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வெட்டவில்லை. படுத்து, முழங்கையால் ஊர்ந்து உள்ளே போய், அவளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன்.

அவளைக் குப்புறப் படுக்கவைத்து ஊசியால் முள் எடுத்தேன். காரை முள், இலந்தை முள், சூரை முள். ஒவ்வொன்றும் எப்படிக் கிழிக்கும் என்று எனக்குத் தெரியும். முதுகில் வேறு காயங்களும் இருந்தன. இந்த ஊர்ச் செடி எதுவும் அப்படிச் செய்யாது. சில பழையவை, சில ஆறாதவை.

அவள் கை குளியலறையில் வழுக்கி ஒடியவில்லை. அவன் ஒடித்தான். எனக்கு அப்போதே தெரியும்.

ஆகஸ்ட் 10

டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே மகளிர் காவல் நிலையம் போகிறோம். அவளுக்குத் தலை வாரிவிடப்போவதில்லை. கிழிந்த சுடிதாரையும் துவைக்காமல் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கேட் சாவி இனிக் காலண்டர் ஆணியில் இருக்காது. என் தாலிச் சரட்டில் கோத்திருக்கிறேன். விடிந்ததும் இவர் பால் வாங்கப் போகவேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார். திறந்துவிட்டேன். அவர் வெளியே போனதும் பூட்டினேன்.

வாங்கி வந்துவிட்டார். பால் பாக்கெட்டோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறார். கூப்பிடவில்லை, தட்டவில்லை, நின்றுகொண்டிருக்கிறார். யமுனா இன்னும் தூங்குகிறாள். அவள் எழுந்து, திறக்கலாமா வேண்டாமா என்று சொல்லட்டும்.